பூவில்லாத மந்தாரை

ஒன்றுகூட இல்லை. நேற்றுச் சாயங்காலம் வந்து பார்த்துவிட்டுத்தானே போனேன், பூங்கா வாசலில் நுழைகிறவன் கண்ணில் முதலில் படுகிற மாதிரி வெள்ளை வெளேரென்று நின்றது, அதை நம்பித்தானே அந்த மனுஷரிடம் அப்படிச் சொன்னேன், இப்போது பார்த்தால் பச்சைப் பசேலென்று ஒரு புதர், இட்லிப்பூச் செடிக்கும் காகிதப்பூவுக்கும் நடுவில் இன்னொரு புதர், அவ்வளவுதான். உச்சாணிக் கொம்பில் ஒன்றாவது தப்பியிருக்கும் என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தாயிற்று. ம்ஹூம். விடிவதற்குள் வந்துவிடுகிறார்கள், நடைப்பயிற்சி என்று பேர், கையில் ஒரு பிளாஸ்டிக் பை, குடைக்கம்பியை வளைத்துச் செய்த கொக்கி ஒன்று, ஊர்ப் பூவெல்லாம் அவரவர் வீட்டுச் சாமிக்குப் போய்ச் சேருகிறது. நான் உள்ளே வரும்போது கடைசிப் பூவைப் பையில் போட்டுக்கொண்டிருந்த அம்மாளிடம் கேட்டே விட்டேன், "எல்லாத்தையுமா பறிப்பீங்க? ஒண்ணாவது விட்டிருக்கலாம்ல?" அவள் என்னை ஏற இறங்கப் பார்த்து, "சாமிக்குத்தான பறிக்கேன், என் கொண்டையிலயா வச்சுக்கிடுதேன்? நா விட்டா பின்னால வார அக்கா பறிச்சிட்டுப் போயிருவா. விட்டு எனக்கு என்ன புண்ணியம்?" என்று சொல்லிவிட்டுப் போயே போய்விட்டாள். நியாயமாகத்தான் பேசுகிறாள். பிளஸ் டூவில் இருபது வருஷமாகத் தாவரவியல் எடுக்கிறவளுக்கு ஒரு பூவைக் காப்பாற்றத் துப்பில்லை. சிமெண்டு பெஞ்சில் ஈரம். முந்தானையை வைத்துத் துடைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன், இந்தச் செடியை விட்டு நகர முடியாது, நகர்ந்தால் அவர் வரும்போது நானும் இல்லை பூவும் இல்லை என்றாகிவிடும்.

பிறவிப்பெருமாள். பெயரைச் சொன்னாலே வாய் நிறைகிறது. மோட்டாருக்குச் செப்புக் கம்பியில் காயில் கட்டுகிறவர், ஜங்ஷன் பக்கம் கடை, மனைவி தவறி ஆறு வருஷம், மகள் மதுரையில் நர்சிங் படிக்கிறாள், எல்லாம் ரெஜினா சொன்னது. ரெஜினா எங்கள் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் எடுக்கிறவள், எரிந்துபோன மோட்டாரைத் தூக்கிக்கொண்டு அவர் கடைக்குப் போனாள், திரும்பும்போது மோட்டாரோடு எனக்கு மாப்பிள்ளையும் பார்த்துக்கொண்டு வந்தாள். நாற்பத்தைந்து வயதில் மாப்பிள்ளையாவது மண்ணாங்கட்டியாவது என்றேன். போனில் பேசித்தான் பாரேன் என்றாள். பேசினேன். போட்டோ வேண்டாம் என்று நான்தான் சொன்னேன், போட்டோ பார்த்து முடிவு பண்ணுகிற வயசெல்லாம் போயாச்சு, அவரும் சரி என்றார், ஏன் என்று கேட்கவில்லை. சாப்பிட்டீங்களா என்றும் ஒருநாள்கூடக் கேட்டதில்லை, ஒரு மனுஷரைப் பிடித்துப்போக அதுவே போதும். "இன்னைக்கு என்ன பாடம் டீச்சர்?" அதுதான் கேட்பார். சொன்னால் கேட்டுக்கொண்டே இருப்பார், பின்னால் கடையில் எவனோ சுத்தியலால் தட்டுகிற சத்தம், இவர் மட்டும் ம் ம் என்று. மகரந்தச் சேர்க்கை எடுத்தேன் என்றால், "தேனீ வரலேன்னா அந்தப் பூ என்ன செய்யும் டீச்சர்?" என்று கேட்டார், சில பூ தன்னாலேயே சமாளிச்சுக்கும் என்றேன், "அதுவும் நல்ல ஏற்பாடுதான்" என்றார். சிரித்துவிட்டேன். போனை வைத்த பிறகும் சிரித்துக்கொண்டிருந்தேன், தோசை கருகியது. அப்புறம் எங்கே பார்ப்பது என்ற பேச்சு வந்தபோது ஹோட்டல் வேண்டாம், கோயில் வேண்டாம், தெரிந்தவர்கள் கண்கொத்திப் பாம்பு மாதிரி இருப்பார்கள், பாளையங்கோட்டையில் எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கிற மாநகராட்சிப் பூங்காவுக்கு வாருங்கள், உள்ளே வந்தால் வெள்ளைப் பூ பூத்த செடி ஒன்று இருக்கும், மந்தாரை, அந்தப் பூங்காவில் வெள்ளை என்றால் அது ஒன்றுதான், ஒரு நந்தியாவட்டைகூடக் கிடையாது, அந்தப் பூவுக்குப் பக்கத்தில் இருப்பேன், வேறு அடையாளமே வேண்டாம் என்று பெரிய இவளாட்டம் சொன்னேன். அதோடு நிறுத்தினேனா? வெயில் ஏறுவதற்குள் நீங்கள் வரவில்லையென்றால் வேண்டாம் என்று எடுத்துக்கொள்கிறேன், போன் பண்ணிக் காரணம் சொல்லாதீர்கள், நானும் பண்ண மாட்டேன். "சரி டீச்சர்" என்றார். எதற்கெடுத்தாலும் சரி டீச்சர். ஒரு தடவை, அதெப்படி டீச்சர் என்று கேட்டிருக்கக் கூடாதா?

பூவில் ஆரம்பிக்காதே. இதை எத்தனை வகுப்பில் கத்தியிருப்பேன், எத்தனை விடைத்தாளில் சிவப்பு மையால் எழுதியிருப்பேன். ஒரு செடியை வர்ணிக்கச் சொன்னால் எடுத்த எடுப்பில் பூ வெள்ளை என்று எழுதுகிற பிள்ளைக்குப் பாதி மதிப்பெண்தான் போடுவேன், ஏண்டி, செடி வருஷம் முழுக்க உனக்காகப் பூத்துக்கிட்டே நிக்குமா? முதலில் வளரியல்பு, அப்புறம் தண்டு, இலை, அதற்கப்புறம்தான் பூ. வரிசை மாறக் கூடாது. எழுதட்டுமா? வெள்ளை மந்தாரை, பயறு வகைக் குடும்பம். வளரியல்பு: புதர்ச்செடி, ஆள் உயரத்துக்கு மேல் கொஞ்சம் போகும், மரமாகாது, அடியிலிருந்தே கிளை விடும். இளந்தண்டு பச்சை, வளைந்து வளைந்து போகும், ஒவ்வொரு கணுவிலும் திசை மாறும். இலை: மாற்றிலை அடுக்கம், நுனியில் பிளந்து இரண்டு மடலாக, மாட்டுக் குளம்பு மாதிரி, அடியிலிருந்து விசிறியாக ஓடுகிற நரம்புகள், அடிப்பக்கம் தடவினால் மெல்லிய ரோமம். இந்த ஒரு இலை போதுமே. இந்தப் பூங்காவில் குளம்பு மாதிரி இலை வேறு எந்தச் செடிக்கு இருக்கிறது? கண்ணைக் கட்டிக்கொண்டு தடவிச் சொல்லிவிடலாம். அதைச் சொல்லாமல் பூவைச் சொன்னேன். பிள்ளைகள் செய்கிற அதே தப்பு. எனக்கு நானே பாதி மதிப்பெண் போட்டுக்கொள்ள வேண்டியதுதான், பாதிகூட அதிகம். அவருக்கு இலை தெரியுமா, மந்தாரை தெரியுமா, அவருக்குத் தெரிந்ததெல்லாம் செப்புக் கம்பி. வாசலில் நின்று வெள்ளை எங்கே என்று பார்த்திருப்பார். பச்சை, சிவப்பு, காகிதப்பூவின் கத்திரிக்காய் நிறம். வெள்ளை இல்லை. என்ன செய்திருப்பார்? ஒரு சுற்றுச் சுற்றியிருப்பார். சுற்றும்போது நான் இங்கே இருந்தேனா, இல்லை கொக்கிக்கார அம்மாளிடம் வாயைக் கொடுத்துக்கொண்டு செடிக்குப் பின்னால் நின்றிருந்தேனா?

இல்லை, வேறு மாதிரியும் இருக்கலாம், அதை நினைக்க வேண்டாம் என்று பார்க்கிறேன், அது திரும்பத் திரும்ப வந்து உட்காருகிறது. வந்தார். பூ இல்லை. ஆனால் பெஞ்சில் தனியாக ஒரு பொம்பளை உட்கார்ந்து வழியையே பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் தெரியாது? தெரிந்துகொண்டார். பார்த்தார். பார்த்துவிட்டுப் போய்விட்டார். அப்படி நடக்காது என்று யார் சொன்னது, நடந்திருக்கிறதே, ஒரு தடவையா இரண்டு தடவையா. இருபத்திரண்டிலிருந்து முப்பத்தைந்து வரைக்கும் எங்கள் வீட்டு வாழைக்காய் பஜ்ஜியைத் தின்னாத குடும்பம் திருநெல்வேலி ஜில்லாவில் கிடையாது. பஜ்ஜியை யாரும் குறை சொன்னதில்லை. ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்பார்கள். சொல்லியும் அனுப்புவார்கள், அதுதான் கொடுமை, நட்சத்திரம் மாமியாருக்கு ஆகாதாம், அத்தைக்குத் திடீரென்று உடம்பு சரியில்லையாம், பையன் இப்போதைக்குக் கல்யாணம் வேண்டாம் என்கிறானாம், அந்தப் பையனுக்கு அடுத்த முகூர்த்தத்தில் கல்யாணம். வேண்டாம் என்பது எனக்கு வலிக்கவில்லை, சத்தியமாக வலிக்கவில்லை, அந்தக் காரணங்கள்தான். அவற்றை அம்மா நம்பினாள், இல்லை எனக்காக நம்புகிற மாதிரி இருந்தாள். அம்மா போன பிறகு காரணம் கேட்க வீட்டில் ஆளில்லை, நிம்மதி என்று இருந்தேன். அதனால்தான் அவரிடம் சொன்னேன், காரணம் சொல்லாதீர்கள் என்று. இப்போது எனக்கு ஒரு காரணம் தேவைப்படுகிறது. பூ இல்லை என்ற காரணம். அதை நானே அவருக்காக யோசித்து, நானே சொல்லி, நானே நம்பிக்கொண்டிருக்கிறேன். யாரோ வருகிறார். நீலச் சட்டை, கட்டை மீசை, ஐம்பது இருக்கும், கையைப் பார், கறுத்த விரல், மோட்டார் வேலை பார்த்த கைதான், இங்கேதான் பார்க்கிறார், வருகிறார், கண்ணாடியைச் சரி செய்துகொண்டேன், எழுந்திருப்பதா உட்கார்ந்தே இருப்பதா. பெஞ்சுக்குப் பக்கத்தில் வந்து தொண்டையைச் செருமினார். "யக்கா, இங்க பாத்ரூம் எந்தப் பக்கம்?" கையை நீட்டிக் காட்டினேன். அக்காவாம். அவருக்கு என்னைவிட அஞ்சாறு வயசு கூட இருக்கும். ஆனால் அவர் போன பிறகு சிரிப்பு வந்தது, இது ரெஜினாவுக்குத் தெரிந்தால் ஆசிரியர் அறையில் ஒரு மாசம் ஓட்டுவாள், பிறவிப்பெருமாளுக்குச் சொன்னால் அவரும் சிரிப்பார், மெதுவாக, மூக்கால். பார்த்தேயிராத மனுஷரின் சிரிப்பு எனக்கு எப்படித் தெரிந்திருக்கிறது?

வெயில் இட்லிப்பூச் செடி வரைக்கும் வந்துவிட்டது. இந்தச் செடிக்கு இன்னும் வரவில்லை. வெயில் ஏறுவதற்குள் என்றேனே, எந்த வெயில், எது வரைக்கும் ஏறுவது, அதையாவது ஒழுங்காகச் சொன்னேனா? கையில் ஒரு இலையைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன், பறிக்கவில்லை, கிளையிலேயே இருக்கிறது. இந்த இலையைப் பற்றி அறிஞர்களுக்குள் ஒரு தகராறு உண்டு, பாடப் புத்தகத்தில் இல்லை, நான் பிள்ளைகளுக்குச் சொல்வேன். ஒரே இலை நுனியில் பிளந்து இரண்டாக ஆகப் பார்க்கிறதா, அல்லது எந்தக் காலத்திலோ இரண்டு சிற்றிலைகளாக இருந்தவை பக்கவாட்டில் ஒட்டி ஒன்றாகிவிட்டனவா? இரண்டு மடலும் சேருகிற பள்ளத்தில் முள் மாதிரி ஒரு மயிரிழை நீட்டிக்கொண்டிருக்கும், அதை வைத்துக்கொண்டு சண்டை. நான் ஒட்டி ஒன்றானது என்கிற கட்சி. ஆதாரம் இருக்கிறதா என்றால் எனக்கு அப்படி இருந்தால் பிடிக்கும், அவ்வளவுதான், இதைப் பிள்ளைகளிடம் சொல்வதில்லை. வெயில் ரொம்பவானால் இரண்டு மடலும் நடு நரம்போடு மடிந்து ஒன்றை ஒன்று பார்த்துக்கொள்ளும், காம்பின் நுனியில் ஒரு சின்ன வீக்கம் இருக்கிறது, அதுதான் கீல். தடவிப் பார்த்தால் தெரியும். பூவும் எனக்குக் கண்ணை மூடினால் தெரியும், ஐந்து இதழ், மகரந்தத்தாள் பத்து, நுனியில் மஞ்சள், சூலகம் பச்சையாக வளைந்து எழுந்து நிற்கும். பட்டாணிப் பூவில் பெரிய இதழ் வெளியே நின்று மற்றதையெல்லாம் மூடிக்கொள்ளும், வீட்டுப் பெரியவர் மாதிரி. மந்தாரையில் அதே இதழ் எல்லாவற்றுக்கும் உள்ளே இருக்கும். ஒரே குடும்பம்தான், வழக்கம் வேறு. துவரம்பருப்பும் இந்தக் குடும்பம், புளியும் இந்தக் குடும்பம், சாம்பார் என்பதே ஒரு சொந்தபந்தக் கூட்டம் என்று அவரிடம் ஒருநாள் சொன்னேன், "அப்போ கத்திரிக்கா?" என்று கேட்டார், அது பக்கத்து வீடு என்றேன். ஐயோ, இந்த மனுஷரை விட முடியாது. இப்போதுதான் தெரிகிறது, எழுத்துக் கூட்டிப் படிக்கிற மாதிரி ஒவ்வொன்றாகத் தெரிகிறது, இன்று அவர் வராமல் போனால் நாளை சாயங்காலம் இன்னைக்கு என்ன பாடம் என்று கேட்க ஒருவரும் இருக்க மாட்டார்கள், பாடத்தை எடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து தோசை சுட வேண்டும், அது கருகாது.

செடியையே பறிகொடுத்த மாதிரி புலம்புகிறேனே, பறித்தது பூவைத்தானே. இலைக்கு எதிரே ஒவ்வொரு கொத்திலும் மொட்டு நிற்கிறது, நீளமாக, நூல் நூற்றுச் சுற்றிய தக்ளிக் கம்பி மாதிரி நடுவில் பருத்து, இருபுறமும் கூராக. இது நாளைக்கு. அதற்குக் கீழே பிஞ்சாக இருப்பது நாளை மறுநாளைக்கு. கொக்கிக்கார அம்மாளுக்கும் பின்னால் வருகிற அக்காவுக்கும் சேர்த்தே இது வைத்திருக்கிறது. கீழ்க் கிளையில் போன மாதத்துக் காய் தட்டையாக, பழுப்பாக முற்றிக்கொண்டிருக்கிறது, காய்ந்தால் படாரென்று வெடித்து இரண்டு தோலும் முறுக்கிக்கொண்டு விதையைத் தூர வீசும். ஆக, இந்தச் செடியைப் பார்த்துப் பூவில்லாத செடி என்று நான் சொன்னது தப்பு. பூ என்பது அதற்கு நடக்கிற பல காரியங்களில் ஒன்று. சரி. இதெல்லாம் அவருக்கு யார் சொல்வது? நான்தான் சொல்ல வேண்டும். சொல்வதென்றால் போன் பண்ண வேண்டும். பண்ண மாட்டேன் என்று சொன்னது யார்? நான். சொன்ன சொல் மாறாதவள் என்று பள்ளிக்கூடத்தில் பேர், அந்தப் பேரை வைத்துக்கொண்டு என்ன பண்ணுவது, ஊறுகாயா போடுவது? பண்ணினால், அவர் வராமலே இருந்திருந்தால், வீட்டில் இருந்துகொண்டு, டீச்சர் அது வந்து என்று இழுத்தால், மகளுக்கு இஷ்டமில்லை என்று ஏதாவது சொன்னால், மறுபடியும் ஒரு காரணத்தைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். கேட்டால் என்ன? பஜ்ஜி காலத்தில் அத்தனை கேட்டாயிற்று, செத்தா போனேன்? அதோடு இது ஒன்று. ஆனால் இதுதான் வலிக்கும். வலிக்கட்டும். வெயில் பெஞ்சுக்கு வந்துவிட்டது, செல்போன் திரை கண்ணைக் கூசுகிறது, பேரைத் தேடி அமுக்கியாயிற்று, அடிக்கிறது. முதல் மணி முழுசாக அடிப்பதற்குள் எடுத்துவிட்டார்.

"டீச்சர்?"

பின்னால் வண்டிச் சத்தம், ஹாரன், யாரோ டிக்கெட் டிக்கெட் என்று கத்துகிறார். நல்லவிதமாக ஆரம்பிக்க வேண்டும் என்று நினைத்தேன், வாயில் வந்தது வேறு. "வந்தீங்களா, வரலியா?"

"வந்தேன் டீச்சர். விடிஞ்ச ஒடனே வந்துட்டேன். நடக்கிற ஆளுகளோட ஆளா ரெண்டு சுத்து சுத்திப் பாத்தேன், பெஞ்சு பெஞ்சா பொம்பளையாளுக இருந்தாங்க, யாருன்னு கேக்க? வெள்ளப் பூவே ஒண்ணும் இல்ல. வாட்ச்மேன்ட்ட கேட்டேன், அப்படிப் பூவெல்லாம் இங்க கெடயாதுங்காரு. அப்புறம் வாசலுக்கு எதுத்தாப்புல டீக்கடையில இருந்தேன், வெயில் வார வரைக்கும். இல்லாத பூவுக்குப் பக்கத்துல இருப்பேன்னு சொன்னா என்ன அர்த்தம்னு யோசிச்சேன். சரி, மூஞ்சிக்கு நேர வேண்டாம்னு சொல்ல மனசு வராம நாசூக்கா சொல்லுதாங்கன்னு நெனச்சிட்டேன். போன் பண்ணக் கூடாதுன்னும் சொல்லிட்டீங்க."

கடவுளே. அந்த வாட்ச்மேனுக்கு வாசல் கேட்டைத் தவிர எதுவும் தெரியாது. காரணத்தை அவரும் எனக்காக யோசித்திருக்கிறார், அவரே சொல்லி அவரே நம்பியிருக்கிறார். டீக்கடையில் உட்கார்ந்து, ஒரு டீயை வைத்துக்கொண்டு.

"இப்ப எங்க இருக்கீங்க?"

"பஸ்ஸுல. வண்ணார்பேட்டை வந்துட்டு."

"இறங்குங்க."

"டீச்சர்?"

"இறங்குங்கன்னு சொன்னேன். பூ இருந்துச்சு. விடியுமுன்னாலயே பறிச்சிட்டுப் போயிட்டாங்க. நான் இங்கதான் இருக்கேன்."

பஸ் எதற்கோ பிரேக் போட்டது. "வாரேன்," என்றார். "ஆனா எப்படிக் கண்டுபிடிக்க? நமக்கு இந்தச் செடி கொடியெல்லாம் ஒண்ணும் தெரியாதே."

இலையைச் சொல்ல வாயெடுத்தேன், ரெண்டா பிளந்திருக்கும், குளம்பு மாதிரி, நரம்பு அடியிலேர்ந்து விசிறியா, எல்லாம் நாக்கு நுனியில் நிற்கிறது, வரிசை மாறாமல் ஒப்பிப்பேன். அப்புறம் நிறுத்தினேன். அவர் செடியைப் பார்க்கவா வருகிறார்? இத்தனை வருஷம் எத்தனையோ செடிக்கு எழுதியிருக்கிறேன், எனக்கு எழுதியதில்லை. எழுந்து நின்றேன், நின்றால்தான் சொல்ல வரும் போலிருந்தது, வகுப்புப் பழக்கம்.

"செடிய விடுங்க. என்னயப் பாத்து வாங்க. குட்டையா இருப்பேன். ஒல்லின்னு சொல்ல முடியாது. சாம்பல் கலர் காட்டன் சேலை, பச்சைக் கரை. கண்ணாடி. முன்பக்கம் நரை, மை போடல. மூக்கு கொஞ்சம் பெருசு." கண்ணாடியை ஏற்றி விட்டுக்கொண்டேன். "மூஞ்சியப் பாத்தா கோவமா இருக்க மாதிரி இருக்கும். கோவமில்ல அது. பயம்."

வைத்துவிட்டாரோ என்று திரையைப் பார்த்தேன், இல்லை, ஓடிக்கொண்டுதான் இருந்தது. அப்புறம், "ஏய் கண்டக்டரு, நிறுத்துங்க, எறங்கணும்," என்று போனுக்கு வெளியே ஒரு சத்தம், விசில், யாரோ திட்டுகிறார்கள், ஸ்டாப் இல்லாத எடத்துல என்ன ஓய் என்று, செருப்பு தார்ரோட்டில் படுகிற சத்தம், இரைப்பு.

"டீச்சர்," என்றார் மூச்சு வாங்கிக்கொண்டே. "அங்கனயே நில்லுங்க. ஒங்கள ஈசியா கண்டுபிடிச்சிருவேன். எனக்கும் மூஞ்சி அப்படித்தான் இருக்கு."